மார்சஷ்லொக் மீனவர் ஊர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மால்ட்டாவில் சில வருடம் வேலை பார்த்தேன். ஊரிலிருந்து யார் வந்தாலும், வந்த இரண்டாம் நாளே "அந்தக் கலர் படகு இருக்கிற ஊருக்குக் கூட்டிட்டுப் போ" என்பார்கள். நானும் அலுக்காமல் கூட்டிப் போனேன். அப்போது அவர்கள் கேட்டதும், பிறகு போனில் மற்றவர்கள் கேட்டதும்தான் இந்தக் கேள்விகள்.

முதலில், இந்த ஊர் எங்கே இருக்கிறது? பெயரை எப்படிச் சொல்வது?

இத்தாலியின் சிசிலிக்குத் தெற்கே நடுக்கடலில் இருக்கும் குட்டி நாடு மால்ட்டா. அதன் தென்கிழக்கு மூலையில், ஒரு பெரிய விரிகுடாவின் உள்மடிப்பில் ஒதுங்கியிருக்கிறது மார்சஷ்லொக். ஆங்கில எழுத்தில் பெயரைப் பார்ப்பவர்கள் நடுவில் ஒரு 'க்ஸ்' போட்டுத் தடுமாறுவார்கள். மால்ட்டா மொழியில் அந்த எழுத்துக்கு 'ஷ' என்றுதான் ஒலி.

'மார்சா' என்றால் துறைமுகம், அரபியிலிருந்து வந்த சொல். 'ஷ்லொக்' என்றால் தென்கிழக்குக் காற்று. நம் கரையில் வாடை, கொண்டல், கச்சான், சோளகம் என்று காற்றுக்கெல்லாம் பேர் இருக்கிறதல்லவா? அங்கே ஒரு காற்றின் பேரையே ஊருக்கு வைத்துவிட்டார்கள். இந்தப் பேரை நினைவில் வையுங்கள், வானிலை பற்றிய கேள்வியில் மறுபடி வரும்.

போட்டோவில் இருப்பது போலவே இருக்குமா?

பாதி இருக்கும். மஞ்சள், நீலம், சிவப்பு, பச்சைப் படகுகள் எல்லாம் நிஜம். மாலை வெயிலில் சுண்ணாம்புக்கல் வீடுகள் தேன் நிறத்தில் நிற்பதும் நிஜம். ஆனால் கேமராவை வலப்பக்கம் கொஞ்சம் திருப்பினால் விரிகுடாவின் எதிர்க்கரையில் சரக்குப் பெட்டகத் துறைமுகத்தின் ராட்சதக் கிரேன்கள் வரிசையாக நிற்கும். இடப்பக்கம் டெலிமாரா மின் நிலையம். 2016 முதல் அதற்குப் பக்கத்திலேயே எரிவாயுவைச் சேமித்து வைக்கும் ஒரு பெரிய கப்பலும் நிரந்தரமாகக் கட்டிக் கிடக்கிறது. அஞ்சலட்டைக்காரர்கள் இதையெல்லாம் சாமர்த்தியமாக வெட்டிவிடுவார்கள்.

எனக்கு அது குறையாகப் படவில்லை. இது சுற்றுலாவுக்காகச் சோடித்து வைத்த ஊர் இல்லை, வேலை நடக்கும் கடற்கரை. அதைத் தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது. "வெனிஸ் மாதிரி இருக்கும்னு சொன்னியே" என்று என் சித்தப்பா கேட்டார். நான் அப்படிச் சொல்லவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமைதான் போக வேண்டுமா?

எல்லா வழிகாட்டியும் ஞாயிறு என்றுதான் சொல்லும், அன்றுதான் பெரிய மீன் சந்தை. காலை எட்டு மணிக்குள் போனால் சந்தை, பத்து மணிக்குப் போனால் திருவிழா, பன்னிரண்டுக்குப் போனால் முதுகுகளைத்தான் பார்ப்பீர்கள். மீன் கடைகள் கரையின் ஒரு பகுதியில் மட்டும்தான். மீதி முழுக்கப் பிளாஸ்டிக் பொம்மை, கைப்பை, மேஜை விரிப்பு, செல்போன் உறை.

ஊரைப் பார்க்க வேண்டும் என்றால் செவ்வாய், புதன் மாதிரி ஒரு நாள் போங்கள். கரையில் கடைகள் அன்றும் இருக்கும், கூட்டம்தான் இருக்காது. காலையில் படகுகள் வந்து சேரும். பிறகு மஞ்சள் வலைகளைக் குவியலாகப் போட்டு, பெரியவர்கள் தாழ்வான நாற்காலியில் உட்கார்ந்து, கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு கிழிசலைப் பின்னுவார்கள். ராமேஸ்வரத்திலும் பருத்தித்துறையிலும் இப்படித்தானே உட்கார்ந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது.

மீன் வாங்கிச் சமைக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் ஞாயிறு. ஹோட்டலில் தங்குபவர் பச்சை மீனை வாங்கி என்ன செய்ய?

எப்படிப் போய்ச் சேர்வது?

தலைநகர் வலெட்டாவிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர். நகர வாசலில் உள்ள பேருந்து நிலையத்திலிருந்து 81, 85 எண் பேருந்துகள் போகும். முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நான் இருந்தவரை கட்டணம் குளிர்காலத்தில் 2 யூரோ, கோடையில் 2.50. ஒரு சீட்டு இரண்டு மணி நேரம் செல்லும், அதற்குள் வேறு பேருந்துக்கு மாறினால் மறுபடி வாங்க வேண்டாம். ஞாயிறு மதியம் திரும்பும் பேருந்து நிரம்பி வழியும், சில சமயம் நிற்காமலே போய்விடும். ஓட்டுநர் இந்தியராக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு, ஆனாலும் நிற்காது.

கார் எடுத்தால் நம்மைப் போலவே இடப்பக்க ஓட்டம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கார் வேண்டாம், நிறுத்த இடம் கிடைக்காது.

படகுகளுக்கு ஏன் கண் இருக்கிறது?

வந்தவர்கள் எல்லோரும் கேட்பது இதுதான், எனக்கும் பிடித்த கேள்வி.

அந்தப் படகின் பேர் லுட்சு. இரண்டு முனையும் கூராக இருக்கும். அதே வண்ணத்தில் பின்பக்கம் மட்டும் தட்டையாக வெட்டியது போல் இருந்தால் அது கய்யிக், வேறு வகை. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துப் படம் எடுத்துத் தள்ளுகிறோம். அடுத்த முறை பின்பக்கத்தைப் பாருங்கள்.

லுட்சுவின் அணியத்தில், அதாவது முன்முனையில், இரண்டு பக்கமும் ஒவ்வொரு கண். தூரத்திலிருந்து பார்த்தால் வரைந்தது போல் தெரியும். கிட்டப் போனால்தான் தெரியும், மரத்தில் செதுக்கிப் பதித்த கண் அது. மேலே வளைந்த புருவம், நடுவில் கருவிழி. வருடா வருடம் அடித்த வண்ணம் தடித்துப் போய், இமை வீங்கினது போல் இருக்கும். கடலில் கெட்டது வந்தால் படகு பார்த்துக்கொள்ளும் என்பது நம்பிக்கை. எகிப்தியக் கடவுள் ஒசிரிசின் கண் என்பார்கள். பினீசியர்கள் கொண்டுவந்த பழக்கம் என்றும் சொல்வார்கள். இன்றைய லெபனான் கரையிலிருந்து கப்பலோட்டிய வணிகர்கள் அவர்கள், கி.மு. 8ஆம் நூற்றாண்டு வாக்கில் மால்ட்டாவில் குடியேறியவர்கள். பழங்காலக் கிரேக்கச் சாடிகளில் தீட்டிய கப்பல்களிலும் கண் உண்டு, ஆக இந்தக் கடல் முழுவதற்கும் பொதுவான பழக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். வேடிக்கை என்னவென்றால், கண் ஒசிரிசுக்கு, படகின் பேர் பெரும்பாலும் கத்தோலிக்கப் புனிதருக்கு. இரண்டு பேரும் ஒரே படகில் சண்டையில்லாமல் மீன் பிடிக்கப் போகிறார்கள்.

கண்ணுக்குப் பக்கத்தில் அணியத்தை ஒட்டி முக்கோணமாக ஒரு வண்ணப் பட்டை இருக்கும். அதற்கு 'முஸ்தாச்' என்று பேர், மீசை என்று அர்த்தம். படகு எந்த ஊருடையது என்பதை அந்த மீசையின் நிறம் சொல்லும். வீட்டில் சாவு விழுந்தால் அதைக் கறுப்பாக்கிவிடும் வழக்கமும் உண்டு. ஒரு முறை அத்தனை வண்ணத்துக்கு நடுவே கறுப்பு மீசையோடு ஒரு படகு நின்றது. என்னோடு வந்தவர்கள் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்தார்கள். நான் அர்த்தத்தைச் சொன்னதும் போனை இறக்கிவிட்டார்கள்.

என்ன மீன் கிடைக்கும்? எந்த மாதம்?

ஆகஸ்ட் நடுவிலிருந்து டிசம்பர் முடிய லம்புக்கி காலம். உலகத்தில் பல இடங்களில் மாஹி மாஹி என்று விற்பது இதைத்தான். உயிரோடு இருக்கும்போது பொன்னும் பச்சையுமாக மினுங்கும், ஆண் மீனுக்கு நெற்றி சுவர் மாதிரி செங்குத்தாக இருக்கும். செத்த கொஞ்ச நேரத்தில் நிறம் வடிந்து சாம்பலாகிவிடும், அதனால் சந்தையில் அந்தப் பொன்னை முழுசாகப் பார்க்க முடியாது.

பிடிக்கும் முறைதான் சுவாரஸ்யம். லம்புக்கிக்கு நிழல் பிடிக்கும், கடலில் எது மிதந்தாலும் அதன் அடியில் கூடும். மிதவை ஒன்று கட்டி, அதில் பேரீச்ச ஓலைகளைப் பிணைத்து, சுண்ணாம்புக்கல்லை நங்கூரமாக இறக்கி, கரையிலிருந்து வெளிக்கடல் வரை வரிசையாக விடுகிறார்கள். இந்த ஓலை மிதவைக்குக் 'கன்னிட்சாத்தி' என்று பேர். பிறகு ஒவ்வொரு மிதவையாகப் போய்ப் பார்த்து, நிழலில் கூட்டம் நின்றால் வலையால் சுற்றி வளைப்பார்கள். ஓலை கட்டி மீன் சேர்ப்பது நம் கரைக்கும் புதிதில்லை. ஆனால் அங்கே எந்தப் படகு எந்தத் தடத்தில் மிதவை விடலாம் என்பதற்கு அரசே சீட்டுக் குலுக்குகிறது. ஒருவன் நிழலில் இன்னொருவன் வலை போட்டால் சண்டை வரும் என்று தெரிந்தவர்கள் போட்ட ஏற்பாடு.

மற்ற மாதங்களில் வாள்மீன், சூரை, பேய்க்கணவாய், இறால், நம் நவரை போலச் சிவந்த சிறு மீன்கள் எல்லாம் வரும். குளிர்காலத்தில் புயல் அடித்தால் படகு போகாது, தட்டில் பண்ணை மீன்தான் இருக்கும். விற்பவரிடம் கேட்டால் மறைக்காமல் சொல்வார்.

உணவகத்தில் சாப்பிடும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

எடையை.

கரையோர உணவகங்களில் முழு மீன் கேட்டால், தட்டு நிறையப் பச்சை மீனைக் கொண்டுவந்து காட்டி "எது வேண்டும்?" என்பார்கள். விலைப் பட்டியலில் போட்டிருப்பது கிலோ விலை, சில இடங்களில் 100 கிராம் விலை. நான் முதல் தடவை இரண்டு பேருக்கு அழகான மீன் ஒன்றைக் கைகாட்டிவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பில் வந்தபோது மீன் ஒன்றரைக் கிலோவுக்கு மேல். யாரும் ஏமாற்றவில்லை, நான் கேட்கவில்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து "நிறுத்துக் காட்டுங்கள், மொத்தம் எவ்வளவு ஆகும்?" என்று கேட்டுவிட்டுத்தான் தலையாட்டுவேன். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

செலவு குறைய வேண்டுமென்றால் 'அல்யோட்டா' கேளுங்கள். பூண்டு, தக்காளி, மூலிகை போட்டுக் காய்ச்சிய மீன் சூப், அரிசியும் கொஞ்சம் சேர்ப்பார்கள். ரொட்டியோடு சாப்பிட்டால் வயிறு நிறைந்துவிடும். காரம் இருக்காது. என் அத்தை கைப்பையிலிருந்து மிளகாய்த்தூள் டப்பாவை எடுத்தார், பரிமாறியவர் வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டுத் தன் கையிலும் கொஞ்சம் போட்டுக்கொண்டார்.

லம்புக்கி காலத்தில் அந்த மீனை காலிஃபிளவர், கீரை, ஆலிவ் சேர்த்து மாவுக்குள் வைத்துச் சுட்ட பை கிடைத்தால் விடாதீர்கள்.

சைவம் சாப்பிடுபவர்கள் பட்டினியா?

இல்லை, ஆனால் கேட்டுக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். 'பஸ்திட்சி' என்று பொரபொரவென்று ஒரு பண்டம், பஃப்ஸுக்கு அண்ணன். உள்ளே ரிக்கோட்டாப் பாலாடைக்கட்டி இருக்கும், அல்லது மசித்த பட்டாணி. பட்டாணி வகையில் கறி மசாலா வாசனைகூட லேசாக அடிக்கும். வெளி மாவில் சில இடங்களில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு என்பதால், கண்டிப்பான சைவக்காரர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள். மொச்சை போன்ற பயறைப் பூண்டோடு மசித்த 'பிகில்லா'வும் உண்டு. 'ஹோப்ஸ் பிஸ்ஸெய்ட்' என்று தக்காளி தடவிய ரொட்டி சைவம் போலத் தெரியும். நடுவில் சூரை மீன் வைத்திருப்பார்கள், எச்சரிக்கை.

கடலில் குளிக்கலாமா?

ஊர்க்கரையில் வேண்டாம், அது படகுத் துறை. எல்லோரும் போவது டெலிமாரா முனையில் உள்ள 'செயின்ட் பீட்டர்ஸ் பூல்'. பாறையைக் கடல் அரித்து உண்டாக்கிய இயற்கைக் குளம், அடித்தரை தெரியும் அளவுக்குத் தெளிவான பச்சைத் தண்ணீர். ஊரிலிருந்து நடந்தால் முக்கால் மணி நேரம், வழியில் நிழல் கிடையாது. துறையிலிருந்து படகிலும் கூட்டிப் போவார்கள், முதியவர்களோடு போனால் அதுவே நல்லது.

அங்கே மணல் இல்லை, கழிப்பறை இல்லை, நீந்துபவர்களைக் காக்கும் உயிர்காப்பாளர் இல்லை. இளைஞர்கள் மேலிருந்து குதிப்பதைப் பார்த்து நீச்சல் தெரியாதவர்கள் குதிக்க வேண்டாம். ஏறி வர இரும்பு ஏணியும் வழுக்குப் பாறையும்தான். காற்று கடலிலிருந்து அடிக்கும் நாளில் இறங்கவே கூடாது. சொறிமீன் மிதக்கிறதா என்று முதலில் பாருங்கள். காரில் போனால் உள்ளே பை எதையும் விட்டுவிட்டு இறங்காதீர்கள், கண்ணாடி உடைத்து எடுப்பது அந்தப் பக்கம் பேர்போன விஷயம்.

சாப்பாடு, படகு தவிர வேறு என்ன இருக்கிறது?

கண்ணுக்குத் தெரிவது கொஞ்சம், நடந்தது நிறைய.

ஊருக்கு மேலே தாஸ் சில்ச் என்ற குன்று. கற்காலக் கோயில், அதன் மேல் பினீசியரின் அஸ்தார்ட்டே கோயில், பிறகு ரோமரின் ஜூனோ கோயில், அதற்கும் பிறகு கிறித்தவ வழிபாட்டிடம் என்று ஒரே இடத்தில் அடுக்கடுக்காகக் கட்டியிருக்கிறார்கள். சிசிலியின் ரோம ஆளுநராக இருந்த வெர்ரெஸ் இந்த ஜூனோ கோயிலைக் கொள்ளையடித்தான் என்று, அவனுக்கு எதிராக எழுதிய வழக்குரையில் ரோமப் பேச்சாளர் சிசெரோ குற்றம் சாட்டினார். இடம் எல்லா நாளும் திறந்திருக்காது, முன்கூட்டியே விசாரியுங்கள்.

இந்தக் கோயிலோடு சேர்த்துச் சொல்லப்படும் இரண்டு சிறு பளிங்குத் தூண்கள் 17ஆம் நூற்றாண்டில் மால்ட்டாவில் கிடைத்தன. இரண்டிலும் ஒரே வேண்டுதல், பினீசியத்திலும் கிரேக்கத்திலும். கிரேக்கம் தெரியும், பினீசியம் தெரியாது. தெரிந்ததை வைத்துத் தெரியாததைப் படித்து, 1758இல் பார்தெலமி என்ற பிரெஞ்சுப் பாதிரியார் பினீசிய எழுத்தின் பூட்டைத் திறந்தார். ஒரு தூண் இப்போது பாரிஸ் லூவ்ரில், மற்றது வலெட்டா தொல்பொருள் அருங்காட்சியகத்தில். மார்சஷ்லொக் போகும் நாளிலேயே, பேருந்து ஏறுமுன் அதைப் பார்த்துவிடுங்கள். இடுப்பளவுக் கல்தான், வேகமாக நடந்தால் தவறவிட்டுவிடுவீர்கள்.

விரிகுடா ஆழமானது, அதனால் வேண்டாத விருந்தாளிகளுக்கும் வசதி. 1565இல் ஓட்டோமான் கப்பற்படை இங்கேதான் நங்கூரம் போட்டு மால்ட்டாவை முற்றுகையிட்டது. அதற்குப் பிறகு, அப்போது தீவை ஆண்ட புனித யோவான் மாவீரர் சபைக்காரர்கள் கரையில் கட்டியதுதான் செயின்ட் லூசியன் கோட்டை. 1798இல் நெப்போலியன் படையின் ஒரு பிரிவும் இங்கே இறங்கியது.

பெர்லின் சுவர் விழுந்த அடுத்த மாதம், 1989 டிசம்பர் 2, 3 தேதிகளில் அமெரிக்க அதிபர் புஷ்ஷும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் சந்தித்தது இந்த விரிகுடாவில்தான். போர்க்கப்பல்களில் மாறி மாறிச் சந்திப்பது என்று திட்டம். புயல் வந்து குலைத்தது. கடைசியில் துறையில் கட்டியிருந்த சோவியத் பயணிகள் கப்பல் 'மக்சிம் கோர்க்கி'யில் பேசினார்கள்.

எந்த மாதம் நல்லது?

செப்டம்பர் பின்பாதி, அக்டோபர். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், லம்புக்கியும் இருக்கும். ஜூலை, ஆகஸ்ட் நம் சித்திரை வெயிலுக்குச் சளைத்ததல்ல. ஏப்ரல், மே மாதங்களில் டெலிமாரா முனை முழுக்கக் காட்டுப்பூ, ஆனால் கடல் குளிர்ந்திருக்கும்.

ஷ்லொக் அடிக்கும் நாளில் ஊர் வேறு முகம் காட்டும். விரிகுடாவின் வாய் அந்தத் திசையைப் பார்த்துத்தான் இருக்கிறது. ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் கிளம்பிக் கடலைக் கடக்கும்போது ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு வருகிற காற்று, துணி காயாது, தலை கனக்கும், கார் கண்ணாடியில் செம்மண் தூசி படியும். படகுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு முனகும்.

விசா, மொழி, பிளக்?

ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டமான ஷெங்கனில் மால்ட்டாவும் உண்டு. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 30,000 யூரோவுக்குப் பயண மருத்துவக் காப்பீடும் கட்டாயம். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குக் குறுகிய பயணத்துக்கு விசா தேவையில்லை. பணம் யூரோ.

ஆங்கிலம் ஆட்சி மொழிகளில் ஒன்று, எங்கும் செல்லும். மால்ட்டா மொழி அரபிக்கு உறவு. வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள் ரொட்டிக்கு 'ஹோப்ஸ்' என்று காதில் விழுந்ததும் "அட, குப்பூஸ்!" என்பார்கள். பிளக் இங்கிலாந்தின் மூன்று சதுர முள். இந்தியாவிலிருந்து வருபவர்களுக்கு மாற்றி தேவை.

மீனவர்களைப் படம் எடுக்கலாமா?

படகை எடுங்கள், ஆளை எடுக்கக் கேட்டுவிட்டு எடுங்கள். காய வைத்திருக்கும் வலையை மிதிக்காதீர்கள், தாண்டவும் வேண்டாம், சுற்றிப் போங்கள். படகுக்குள் ஏறி நின்று போஸ் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். யாரோ ஒருவரின் லாரிக்குள் ஏறி உட்கார்ந்து படம் எடுப்போமா?

என்ன வாங்கி வரலாம்?

உப்பில் போட்ட கேப்பர் மொட்டு, வெயிலில் உலர்த்திய தக்காளி, மிளகு தடவிய சின்ன ஆட்டுப்பால் கட்டி 'ஜ்பெய்னா', காட்டுப்பூத் தேன். தேனை விமானத்தில் ஒப்படைக்கும் பெட்டியில் வைத்து அனுப்புங்கள். கைப்பையில் வைத்த என் இரண்டு பாட்டிலும் விமான நிலையப் பரிசோதனையில் போய்விட்டது. அங்கிருந்த பெண் பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படித்துவிட்டு, "நல்ல தேன்" என்று சொல்லித் தொட்டியில் போட்டார்.